மூடியைச் சாத்தும்வரை கைதட்டாதவர்கள்

அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்; நினைவு மலரில் யாராவது விட்டுப்போனால் மனத்தாங்கல் வரும். ரசிகர் வட்டத்தை நடத்தும் பல் டாக்டர், அவர் மனைவி, இசைத்தட்டுக் கடைக்காரர், வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு ஒரே குடையில் வரும் ஓய்வுபெற்ற தபால்காரர்கள் இருவர், என் தம்பி வழக்கமாக ஏறிய பேருந்தின் டிரைவரம்மா, என் கணவர், நான். பின்வரிசையில் எனக்குப் பழக்கமில்லாத சிலரும் இருந்தார்கள். என் தம்பி இறந்த பிறகு அவனுக்காகக் கூடிய முதல் கூட்டம் அது.

மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரும்படி டாக்டர் என்னைக் கேட்டிருந்தார். அக்கா என்ற முறையில் நான் எழுதுவதே பொருத்தம். ஒரு பக்கத்தில் முடியாது என்று நினைக்கிறேன்.

அவன் ஜாஸ் வாசித்தவன். கூட டிரம்ஸ் கிடையாது, பாடகர் கிடையாது. அவனும் பியானோவும் மட்டும். மேடையில் உட்கார்ந்த பிறகு என்ன தோன்றுகிறதோ அதுதான் கச்சேரி. ஒரு முறை வாசித்ததை மறுமுறை வாசிக்க மாட்டான். முடிந்ததும் எழுந்து வணங்கவும் மாட்டான். கட்டைகளின் மேலிருக்கும் நீள மூடியை இரண்டு கையாலும் பிடித்து மெல்லச் சாத்துவான். அது சத்தமில்லாமல் உட்கார்ந்த பிறகுதான் அவனுடைய ரசிகர்கள் கைதட்டுவார்கள். விவரம் தெரியாத புது ஆள் முன்கூட்டியே தட்டிவிட்டால், சுற்றியிருப்பவர்கள் பார்க்கிற பார்வையில் அவர் கை தானாக மடிக்குப் போய்விடும்.

கூட்டத்தன்று அவனுடைய பியானோவை மாடியிலிருந்து இறக்கி, என் வீட்டுக் கூடத்தின் நடுவில் போட்டு, மூடியைத் திறந்து வைத்திருந்தார்கள். கடைக்காரர் பழைய இசைத்தட்டு ஒன்றைச் சுழலவிட்டார். என் கணவர் உடனே காது மெஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“என்ன சார், இன்னைக்குமா?” என்று டாக்டர் கையால் சைகை செய்து கேட்டார்.

“மச்சான் இருக்கிறப்பவே இப்படித்தான் கேட்டேன். இப்ப மாத்தினா அவனுக்கே சந்தேகம் வந்துடும்.”

சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தமக்குப் பிடித்ததைச் சொன்னார்கள். பெரிய தபால்காரர் எழுந்து, “இந்தக் கச்சேரியில நடுவுல ஒரு இருமல் வரும் பாருங்க. அதைக்கூட அவர் தாளத்துலதான் இருமியிருக்கார்” என்றார்.

“அது அவர் இருமல் இல்லய்யா, உன் இருமல். முன்வரிசையில உக்காந்து மனுஷனை வாசிக்க விடாம இருமிட்டே இருந்தே” என்றார் சின்னவர்.

“அப்ப நானும் அந்தத் தட்டுல வாசிச்சிருக்கேன்னு சொல்லு.”

என் தம்பியை இப்படி மதித்தவர்கள் அவர்கள். இந்த மதிப்பில் ஒரு கீறல்கூட விழக் கூடாது என்பதுதான் என் கவலையாக இருந்தது. இனி எழுதுவதை அந்தக் கவலையோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

எங்கள் அப்பா பேர்போன வக்கீல். அவர் நீதிமன்றத்துக்குள் நுழைந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் கோட்டுப் பொத்தானைச் சரிபார்ப்பார். வயதான காலத்தில் அவருக்குப் புத்தி தப்பியது. வீட்டில் யாருக்கும் தெரியாமல் கிளம்பி, கறுப்புக் கோட்டும் உள்ளாடையுமாக நீதிமன்றத் தாழ்வாரத்தில் போய் நிற்பார். இளைய வக்கீல்கள் அவர் கையில் காலி உறைகளைக் கொடுத்து வாதாடச் சொல்வார்கள். அவரும் வாதாடுவார். நான் போய் அவர் கையைப் பிடித்து அழைத்துவருவேன். அவர்கள் வழிவிட்டு நின்று, “ஐயா, தீர்ப்பு நமக்குச் சாதகம்” என்பார்கள். இன்றும் எங்கள் குடும்பத்தைச் சொன்னால் பலருக்கு நினைவு வருவது அவர் ஜெயித்த வழக்குகள் அல்ல, அந்த உள்ளாடைதான்.

தம்பிக்கு வயது எழுபதை நெருங்கியபோது நான் அவனைக் கவனிக்கத் தொடங்கினேன். குழாயை மூட மறந்தான். கேட்டதையே திரும்பக் கேட்டான். அது எல்லோருக்கும் வருவது என்று இருந்துவிட்டேன். அதன்பிறகு ஒரு பாட்டை மறுபடி வாசித்தான்.

அவன் எங்கள் வீட்டில்தான் இருந்தான்; மாடியில் பியானோ, கீழே சமையலறை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டுக் கேட்டேன். முந்தின நாள் வாசித்த அதே பாட்டு. மறுநாளும் அதுவே. அதே இடத்தில் தயக்கம், அதே இடத்தில் ஏற்றம். வாரக்கணக்கில் அது நடந்தது. ஒரு முறை வாசித்ததைத் தொடாதவன், நேற்று வாசித்தோம் என்பதே தெரியாமல் புதிதாக வாசிப்பதாக நினைத்து வாசிக்கிறான் என்று புரிந்துகொண்டேன். சாப்பிட வந்தபோது, “இன்னைக்கு என்ன வாசிச்சே?” என்று கேட்டேன்.

“புதுசா ஒண்ணு, அக்கா” என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துச் சிரித்தான்.

அப்பாவும் இப்படித்தான் சிரிப்பார்.

அந்தச் சமயத்தில் டாக்டர் பெரிய அரங்கம் ஒன்றில் கச்சேரிக்கு ஏற்பாடு செய்திருந்தார். ரசிகர்கள் வெளியூர்களிலிருந்து வருவதாக இருந்தது. அவர்கள் முன்னால் அவன் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பான். முதல் தடவை பொறுத்துக்கொள்வார்கள். அடுத்த தடவை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு, மரியாதை தெரிந்தவர்களாகையால், மூடியைச் சாத்தியதும் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலை என்னால் தாங்க முடியாது.

போகாதே என்று சொல்லிப் பார்த்தேன்.

“ஏன் அக்கா, உடம்பு நல்லாத்தானே இருக்கு? இந்தக் கச்சேரிக்கு நீயும் வரணும். முன்வரிசை. மாமாவையும் கூட்டிட்டு வா, மெஷினோட.”

ஒரு பிற்பகல் மாடிக்குப் போனேன். அவன் அந்தப் பாட்டைத்தான் வாசித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் வாசிப்பதை நிறுத்தினான். விரல்களை மட்டும் கட்டைகளிலிருந்து எடுக்கவில்லை. எப்போதும் நான் ஏதாவது சொல்லி முடிக்கும்வரை அப்படித்தான் வைத்திருப்பான், விட்ட இடத்திலிருந்து எடுப்பதற்கு. நான் பக்கத்தில் போய் நின்று மூடியைச் சாத்தினேன். அது கனமான பழைய மரம். இருந்தாலும் நான் அதை நம்பி விட்டுவிடவில்லை. இரண்டு கையையும் ஊன்றி என் பாரம் முழுவதையும் அதன்மேல் வைத்தேன். அவன் கத்தவில்லை. “அக்கா” என்றான், சிறு வயதில் இருட்டில் கூப்பிடுவதுபோல. நான் உடனே எடுக்கவில்லை. அரைகுறையாகச் செய்தால் மீண்டும் செய்ய நேரும் என்று தோன்றியது.

ஆஸ்பத்திரிக்கு நானே அழைத்துப்போனேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். எனக்கு வேலை வைக்காமல் அவனே மருத்துவரிடம், “மூடி நழுவிடுச்சு டாக்டர். என் கவனக்குறைவுதான்” என்றான். விரல்கள் பிறகு மடங்கவில்லை. கச்சேரி ரத்தானது. விபத்து என்று கேட்டு ரசிகர்கள் அழுதார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நான் எண்ணியது நடந்தது.

அதன்பின் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டது நான். சோறு பிசைந்து ஊட்டியது நான். தாடையைத் தூக்கிப் பிடித்துச் சவரம் செய்துவிட்டதும் நான்தான். இதையெல்லாம் என் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒரு குளிர்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி அவன் போய்ச் சேர்ந்தான். அவன் பேர் அப்படியே நின்றது. கூட்டத்தன்று மாலைவரை நான் செய்தது சரி என்ற எண்ணத்தில்தான் இருந்தேன்.

கடைசியாக டிரைவரம்மாவைப் பேசச் சொன்னார்கள். அந்தப் பெண் கூச்சத்தோடு எழுந்தாள்.

“எனக்குப் பாட்டைப் பத்திப் பேசத் தெரியாதுங்க. ஐயா என் சீட்டுக்குப் பின்னாலதான் உக்காருவார். கை அடிபடறதுக்குக் கொஞ்ச நாள் முன்னால ஒரே சிரிப்பா ஏறினார். ‘என்ன சார், லாட்டரி கீட்டரி அடிச்சிடுச்சா’ன்னு கேட்டேன். ‘அதைவிடப் பெரிசும்மா. ஒரே பாட்டை மாத்தாம தினமும் வாசிக்கிறேன். வாழ்க்கையிலேயே முதல் தடவை. பழைய பாட்டு, எங்கம்மா இறந்த வருஷம் நான் வாசிச்சது. அக்கா அதை மறுபடி கேக்கணும்னு ஆசைப்பட்டா, அப்ப எனக்கு வரல. இப்ப தேடிப் பிடிச்சுட்டேன். கச்சேரியில அவளை முன்வரிசையில உக்கார வச்சு வாசிக்கப்போறேன்’னார். ‘அக்காகிட்ட சொல்லிட்டீங்களா’ன்னேன். ‘ஐயோ, சொன்னா பக்கத்துல உக்காந்து தப்புக் கண்டுபிடிப்பா. முழுசா வரட்டும்’னார்.”

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்ததாகத்தான் நினைவு.

அம்மா இறந்த வருடம் அப்படி ஒன்றை அவன் வாசித்தது உண்மை. மறுபடி வாசிடா என்று கேட்டேன். “வராது அக்கா, போனது போனதுதான்” என்றான். கோபத்தில் அவனோடு பல நாள் பேசாமல் இருந்தேன். அந்தப் பாட்டை எங்கே கேட்டாலும் கண்டுகொள்வேன் என்று நினைத்திருந்தேன். வாரக்கணக்கில் என் தலைக்கு மேலே அது நடந்திருக்கிறது. அது திரும்பத் திரும்ப வருகிறது என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

டாக்டர் எழுந்துவந்து என் பக்கத்தில் குனிந்தார். “அக்கா, முடிச்சுக்கலாம். அவர் இல்லாத இடத்துல மூடியைச் சாத்த உங்களைத் தவிர யாருக்கு உரிமை இருக்கு?”

என் கணவர் மெஷினை எடுத்து மாட்டிக்கொண்டார். “போம்மா. எல்லாரும் காத்திட்டிருக்காங்க” என்றார்.

முதுகை வளைக்காமல் நடந்து போனேன். அப்படி நடந்தே பழக்கம். கட்டைகளைப் பார்த்தேன். யாருடைய கையும் அங்கே இல்லை. மூடியை இரண்டு கையாலும் பிடித்து, அவன் சாத்துவதுபோலவே மெல்லச் சாத்தினேன். அது சத்தமில்லாமல் உட்கார்ந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பெரிய தபால்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினார். அவர்கள் ஓயும்வரை நான் அங்கேயே நிற்க வேண்டியிருந்தது.

டாக்டர், இதை ஒரு சொல் குறைக்காமல் அச்சிடுங்கள். பிறகு யாரிடம் கொடுக்க வேண்டுமோ அவர்களிடமும் கொடுங்கள். அவர்கள் வரும்போது நான் வீட்டில்தான் இருப்பேன்.

இன்னொன்று. கடைசிக் காலத்தில் அவனுக்கு நினைவு தப்பிவிட்டது, வீட்டு ஆட்களைக்கூட அடையாளம் தெரியவில்லை என்று வெளியே ஒரு பேச்சு இருக்கிறது. அதைக் கிளப்பியது நான். அது பொய். நான் சோற்றை அவன் வாயருகே கொண்டுபோன ஒவ்வொரு வேளையும், ஊட்டுவது யார் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.