பதினெட்டுப் பக்கம் மிச்சமுள்ள தயிர் வியாபாரி

விழாத் தலைவரும் மூதூர் லோஞ்சின் உரிமையாளருமான மதிப்புக்குரிய சோமசேகரம் ஐயா அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோரே, வேலை முடிந்து வியர்வை உலருமுன் வந்தமர்ந்த தாய்மாரே, துறைமுகத்துத் தோழர்களே, வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும்.

நாற்பது வயதைத் தாண்டிய ஒருவரை வாசகராக்குவது எப்படி? அதற்கு விடை சொல்லத்தான் இந்த வாசிகசாலை விழாவுக்கு என்னை அழைத்தீர்கள். எனக்கு விடை தெரியாது. தெரிந்தவர்கள் சொன்ன வழிகளையும் நான் அதிகம் நம்புவதில்லை. கண்டதைச் சொல்கிறேன்.

மூதூருக்குப் படகில் போய்ப் படிப்பிக்கும் நான், சென்ற தை மாதம் அந்த லோஞ்சில் ஒரு தேயிலைப் பெட்டி நிறையக் கதைப் புத்தகங்கள் வைத்தேன். ஒரு மணி நேரக் கடல். வேறு வேலை இல்லை. வாசிக்காமல் என்ன செய்வார்கள்? பெட்டியின் மேல் ஏறி இருந்தார்கள்.

மூதூரிலிருந்து தயிர் கொண்டுவந்து இங்கே விற்கும் கலீலுர் றஹ்மான் மட்டும் என்னிடம் வந்தார். "டீச்சர், கதையெல்லாம் ஆரோ இட்டுக்கட்டினதுதானே. மெய்யா இருக்கிறதைச் சொல்ற புத்தகம் ஒண்டும் இல்லையா?"

பல்கலைக்கழகம் போய்வந்த எனக்குத் தோன்றாத கேள்வி. பெட்டியை மாற்றினேன். மழை எப்படிப் பிறக்கிறது, இதயம் எப்படித் துடிக்கிறது, திமிங்கிலம் எப்படி வாழ்கிறது: மெய்யைச் சுவையாகச் சொல்லும் நூல்கள். ஒரே விதி, புத்தகம் கரையிறங்கக் கூடாது. மிச்சத்தை மறுநாள் கடலில்தான் வாசிக்கலாம்.

வாசித்தார்களா? வலை வாங்கப் போனவர் வாசித்தார். வழக்குக்குப் போனவர் வாசித்தார். வைத்தியரிடம் போன அன்னலட்சுமி அக்கா இதயத்தைப் பற்றி வாசித்துவிட்டு வைத்தியரையே கேள்வி கேட்டார்.

றஹ்மானோ இறங்க மறந்து, விற்காத தயிர்ச் சட்டிகளோடு மூதூருக்கே திரும்பினார். மனைவி சித்தி பரீதா வாசலில் நின்றிருக்கிறார்.

"என்ன, ஒரு சட்டியும் விக்கல்லையா?"

"திமிங்கிலம் குட்டி போட்டுக்கொண்டு இருந்திச்சு. இடையில எப்படி இறங்குற?"

"அப்ப இந்தத் தயிரை அதுக்கே குடுத்திட்டு வந்திருக்கலாமே."

பின்வரிசையில் என்ன சிரிப்பு? ஓம், கேட்கிறது. நானும் ஒருநாள் இறங்க மறந்தவள்தான்.

இப்படிப் பலர் இறங்கத் தாமதிப்பதால், நாளையோடு பெட்டியை இறக்கப் போவதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார். அவர் பக்கம் நியாயம் உண்டு. ஆனால் ஐயா, ஐந்தாம் வகுப்போடு நின்ற றஹ்மான் வாழ்நாளில் ஒரு புத்தகத்தையும் முடித்ததில்லை. இந்தத் திமிங்கிலப் புத்தகத்தில் பதினெட்டுப் பக்கம்தான் மிச்சம். வீட்டுக்குக் கொடுத்துவிடலாமே என்கிறீர்களா, தங்கச்சி? என் விதியை நானே மீறிக் கொடுத்தேன், அவர் வாங்கவில்லை. "வீட்டில வாசிச்சா அது கடதாசி, டீச்சர். இங்க வாசிச்சா என்ட காலுக்குக் கீழ நீந்துது."

நாற்பதில் வாசித்தால் என்ன, அறுபதில் வாசித்தால் என்ன? எங்கள் குடாவின் ஆழத்தில் இருப்பதை, நாளும் அதன்மேல் போய்வருபவர் அறியாமல் வேறு யார் அறிவது? அந்தப் பெட்டி இருக்கட்டும், ஐயா. இருக்கட்டும்.

கேட்டவர்களுக்கும், கேட்டுக்கொண்டே சிரித்தவர்களுக்கும் என் நன்றி. வணக்கம்.

விழா மலருக்காக, மறுநாள் நடந்ததையும் சேர்க்கிறேன். மூதூரிலிருந்து வந்த காலை லோஞ்சு, இறங்குதுறை ஜெட்டிக்கு முப்பது யார் தூரம் தள்ளி நின்றுவிட்டது. ஜெட்டியில் என் பக்கத்தில் நின்ற தலைவர், "ஏன் ஆனந்தராசா, எஞ்சின் பழுதோ?" என்று கூவினார்.

"இல்லை முதலாளி," என்றார் சுக்கான் பிடித்திருந்த ஆனந்தராசா. "நாலு பக்கம் கிடக்கு."

தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்பது நிமிடம் கழித்து லோஞ்சு ஜெட்டியை வந்து அணைந்தது. எல்லோரும் ஒழுங்காக இறங்கினார்கள். தலைவர் ஏறி, பெட்டியைத் திறந்து பார்த்துச் சாத்தினார்.

"இன்னும் எத்தினை பேர் முடிக்கேல்லை?"

"பதினாலு பேர்," என்றேன்.

"அவை முடிக்கட்டும். பிறகு இறக்குவம்."

"பதினைஞ்சு," என்றார் தயிர்ச் சட்டிகளோடு நின்ற றஹ்மான். இன்னொன்றில் முதல் பக்கத்தை வாசித்துவிட்டாராம்.