வெறுங்கால் கணக்கெடுப்பு

திருத்தணியில் ஆடிக் கிருத்திகையன்று செருப்பு தொலைவது ஒன்றும் புதிய சங்கதியில்லை. சரவணப் பொய்கைக் கரையில் கழற்றிவிட்டு மலையேறிச் சாமி பார்த்துவிட்டு இறங்கினால், ஒன்று இருக்கும், ஒன்று இருக்காது. இரண்டும் இருந்தால் அது வேறு யாருடையதாகவோ இருக்கும். இதற்காக யாரும் போலீசுக்குப் போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்கள் ஆளனுப்பியபோது எனக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது.

உங்கள் சிரமமும் புரிகிறது. மழை பொய்த்த வருஷம் என்று தணிகாசலம் தன் பாழுங்கிணற்றில் ஆளிறக்கித் தூர்வாரியிருக்கிறார். தண்ணீர் வரும் என்று காத்திருந்தவருக்குச் செருப்பு வந்திருக்கிறது. ஆயிரத்து நூற்று நாற்பது ஜோடி. கிணற்றில் விழுகிறவர்கள் செருப்பைக் கரையில் விட்டுவிட்டு விழுவதுதான் வழக்கம். இங்கே செருப்பெல்லாம் உள்ளே இருக்கிறது, ஆட்களைக் காணோம். உங்கள் ரைட்டர் குழம்பிப்போனதில் தப்பில்லை. ஒரே ஒரு ஜோடி தவிர மற்ற எல்லாவற்றிலும் எங்கள் கம்பெனி முத்திரை குத்திய தகர டோக்கன் கட்டியிருந்ததால் என்னிடம் வந்துவிட்டீர்கள். எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்வது என் சுபாவம்.

என் பெயர் நாகேந்திரன். சொந்த ஊர் ஆர்.கே.பேட்டை. அப்பா தறி நெய்தவர். நான் பி.ஏ. முடித்து, விளையாட்டு வீரர்களுக்கு ஷூவும் பனியனும் செய்து உலகமெங்கும் விற்கும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் மெட்ராஸ் கிளையில் மக்கள் தொடர்பு அதிகாரியாகச் சேர்ந்தேன். கம்பெனியின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.

எண்பத்தொன்றாம் வருஷம் சித்திரையில் எங்கள் மேனேஜர் ராஜகோபால் என்னைக் கூப்பிட்டார். கீழை நாடுகளில் ஷூ தைக்கும் பெண்களுக்கு எங்கள் கம்பெனி மிகக் குறைந்த கூலி கொடுக்கிறது என்று ஐரோப்பாவில் ஒரு பத்திரிகை எழுதிவிட்டதாம். தலைமை அலுவலகத்தில் மூன்று நாள் கூடிப் பேசியிருக்கிறார்கள். கூலியை உயர்த்தலாம் என்று யாரோ சொல்ல, அது நீண்ட நாளைக்குத் தாங்காது என்று முடிவாகி, தர்மம் செய்வதென்று தீர்மானித்துவிட்டார்கள். உலகத்தில் செருப்பில்லாமல் நடக்கும் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்து ஊர் முழுக்க ஷூ கொடுப்பது. படம் எடுத்து எல்லா நாட்டிலும் போடுவது. அதே ஊரில் ஒரு புதிய தையல் பேக்டரியும் திறப்பது. ஷூ கொடுத்த கையைப் பார்த்துக் கொடி பிடிக்க யாருக்கும் சட்டென்று மனசு வராது என்பது கணக்கு.

"மொதல்ல பேரு, அப்புறம் பேக்டரி. முன்னூறு பேருக்கு வேலய்யா. உங்க ஊர் பக்கம் கொண்டாந்துடலாம், நீ மட்டும் கொஞ்சம் பாத்துக்க" என்றார் ராஜகோபால்.

முந்நூறு பேருக்கு வேலை. நான் செய்ததெல்லாம் இந்த ஒரு வார்த்தைக்காக என்பதை நீங்கள் அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். தறி படுத்துப்போய் எங்கள் தெருவில் பாதிப்பேர் மெட்ராசுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

முதலில் நான் நேர்மையாகத்தான் ஆரம்பித்தேன். திருத்தணி கடைத்தெருவில் நான்கு நாள் நின்று கால்களை எண்ணினேன். நூற்றுக்கு எண்பத்துமூன்று பேர் காலில் செருப்பு இருந்தது. டயர் செருப்பு, தோல் செருப்பு, ரப்பர் செருப்பு, எதுவோ ஒன்று. அப்படியே எழுதி அனுப்பினேன். ராஜகோபால் திருப்பி அனுப்பிவிட்டார். செருப்பில்லாதவர்களை எண்ணச் சொன்னால் செருப்புள்ளவர்களை எண்ணி வைத்திருக்கிறாயே என்று ஓரத்தில் பச்சை மையில் எழுதியிருந்தார். பீகாரில் ஓர் ஊர் போட்டியில் இருப்பதாகவும், அங்கே எண்ணுவதற்குச் சிரமமே இல்லை என்றும் கீழே ஒரு வரி.

ஆடி மாதம் தலைமை அலுவலகத்திலிருந்து ஆஸ்ட்ரிட் என்ற அம்மாள் நேரில் பார்க்க வருவதாகத் தந்தி வந்தது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யாருக்கும் ஒரு பொய்கூடச் சொல்லத் தேவையில்லாத யோசனை. அவரை நேராகக் கிருத்திகையன்று மலைப்படிக்கே அழைத்துப் போய்விட்டேன்.

முந்நூற்று அறுபத்தைந்து படியிலும் ஜனம். காவடி எடுத்தவன், மொட்டை போட்டவன், பிள்ளையைத் தோளில் வைத்தவன், பட்டுச்சேலைக்காரி, கைக்கடிகாரம் கட்டிய வாத்தியார், ஒருவர் காலிலும் ஒன்றுமில்லை. ஆஸ்ட்ரிட் அம்மாள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். இத்தனை பேருக்குமா இல்லை என்று கேட்டார். நீங்களே பார்க்கிறீர்களே என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நல்ல மனசுக்காரர்.

அதோடு அவர் கிளம்பியிருந்தால் தணிகாசலத்தின் கிணறு சுத்தமாக இருந்திருக்கும். ஆனால் வருவதற்கு முன்பே கடிதத்தில் ஒரு விஷயம் எழுதியிருந்தார். இவர்கள் வீட்டுக்கு எப்படி நடந்து போகிறார்கள் என்று பஸ் ஏறும் இடத்தில் நின்று பார்க்க வேண்டும், இரண்டாயிரம் பேரை எண்ண வேண்டும், கையில் அழுத்தி எண்ணும் சின்ன இயந்திரம் கொண்டுவருவேன் என்று. ஆகவே நானும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டியிருந்தது.

பொய்கைக் கரையில் பெரிய பந்தல் போட்டேன். பக்தர்களின் காலணிகள் இலவசமாகப் பாதுகாக்கப்படும் என்று துணியில் எழுதிக் கட்டினேன். விரதக்காரர்கள் வெறுங்காலோடு வந்தார்கள், அவர்களால் எனக்குத் தொந்தரவில்லை. மற்றவர்கள் வரிசையில் நின்று டோக்கன் வாங்கிக்கொண்டார்கள். பதினோரு மணிக்கு, ஆஸ்ட்ரிட் அம்மாள் மேலே படியில் படம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் வாடகைக்குப் பேசியிருந்த வேணுவின் லாரி வந்தது. முகப்பில் அன்னதானம் என்று எழுதிய துணி கட்டியிருந்தோம். செருப்பைச் சாக்கில் கட்டிப் பட்டப்பகலில் ஏற்றினோம். நாலைந்து பேர் வந்து கை கொடுத்தார்கள். ஒரு பெரியவர் சாக்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவரைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இறங்கி வந்தவர்கள் கேட்டார்கள்தான். கோயில் வாசலில் செருப்பு தொலைந்தால் பிடித்த பீடை அதோடு தொலைந்தது என்று நம் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதை மைக்கில் ஒருவரை விட்டுத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். முதலில் முறைத்தவர்கள் பிறகு சிரித்தார்கள். சோளிங்கர்க்காரர் ஒருவர் என் கையைப் பிடித்து, ஏழரை வருஷமாகப் படாத பாடு பட்டேன், இன்றைக்கு விட்டது என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

இனி நீங்கள் உண்மையில் கேட்க வந்த விஷயத்துக்கு வருகிறேன். டோக்கன் இல்லாமல் ஒரு ஜோடி கிடைத்ததே, மெத்தென்ற கறுப்பு ரப்பர், குதிகாலுக்குப் பின்னால் வார் வைத்தது. அது மணியம்மையுடையது.

காலை எட்டு மணிக்கு அவள் பந்தலுக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயசிருக்கும். ஆர்.கே.பேட்டையில் தறி நெய்கிறவள், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. என்னை அடையாளம் கண்டுகொண்டு ஓரமாகக் கூப்பிட்டாள்.

"நைனா, இது ஆஸ்பத்திரில அளவெடுத்துக் குடுத்தது. பெருநோவு எப்பவோ சொஸ்தமாயிடுச்சி. காலு மட்டும் மரத்துப் போச்சி, முள்ளு குத்தினாலும் தெரியாது, நெருப்பு பட்டாலும் தெரியாது. இத்தப் போடாம ஒரு அடி வைக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிகினே இருப்பாரு. படியேற மட்டுந்தான் கழட்டறேன். நீ கொஞ்சம் பத்திரமா வச்சிக்க."

அவள் படிகளில் ஏறிப்போனாள். நான் அந்த ஜோடியை மற்றவற்றோடு சேர்க்கவில்லை. என் தோள்பையில் போட்டுக்கொண்டேன். அவளிடம் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் அந்த நிமிஷம் நினைத்தேன்.

பன்னிரண்டரை மணிக்கு அவள் இறங்கி வந்தபோது ஆஸ்ட்ரிட் அம்மாள் என் பக்கத்தில் நின்றிருந்தார். அதுவரை அவருக்குப் பிடித்த மாதிரி ஒரு கால் கிடைத்திருக்கவில்லை. மணியம்மையின் பாதத்தைப் பார்த்ததும் அப்படியே குந்திவிட்டார். விரல்கள் உள்ளே வளைந்து, தோல் பாளம் பாளமாக இருக்கும். காமிராவைக் கண்ணில் வைத்தபடியே, இந்தப் பெண் எப்போதாவது செருப்பு போட்டிருக்கிறாளா என்று கேட்கச் சொன்னார்.

நான் மணியம்மையிடம், "சாமி நல்லா பாத்தீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"ஆங், கண்ணு நெறைய பாத்தேன் நைனா" என்றாள். அவளுக்குக் கண் கலங்கியது.

பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடப் போட்டதில்லையாம் என்று மொழிபெயர்த்தேன்.

பிறகு அவள் செருப்பைக் கேட்டாள். என் பையின் வார் தோளில் இருந்தது. கையை உள்ளே விட்டால் போதும். ஆனால் ஒரு நொடி முன்புதான் பிறந்ததிலிருந்து என்று சொல்லியிருக்கிறேன். அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தேன். முந்நூறு பேரை நினைத்துக்கொண்டேன்.

"எல்லாம் தொலஞ்சி போச்சிம்மா. யாரோ எடுத்துகினு பூட்டாங்க" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. பஸ் எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்டாள். அந்த வருஷம் சோளிங்கர் ரோட்டில் ஒன்றரை மைல் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். ஆஸ்ட்ரிட் அம்மாள் அவள் கூடவே நடந்தார், நானும் நடந்தேன். தார் இளகிப் பளபளத்தது. மற்ற ஜனமெல்லாம் மர நிழலுக்கு மர நிழல் தாவிக்கொண்டிருந்தது. மணியம்மை மட்டும் ரோட்டு நடுவில், கூடத்தில் நடப்பதுபோல ஒரே சீராக நடந்தாள். ஆஸ்ட்ரிட் அம்மாள் அதைக் கவனித்துவிட்டு, எவ்வளவு கம்பீரம் என்று இரண்டு முறை சொன்னார். முப்பத்தாறு படம் எடுத்தார். அவள் செருப்பு என் தோளில் இருந்தது.

பஸ் புறப்பட்ட பிறகு, இரண்டாவது நடை சாக்குகளோடு அந்த வழியாக வந்த வேணுவிடம் அந்த ஜோடியைக் கொடுத்துக் கிணற்றிலேயே போடச் சொன்னேன். அதன்பின் ஆஸ்ட்ரிட் அம்மாள் நின்று எண்ணினார். இரண்டாயிரத்தில் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் வெறுங்கால். அடுத்த மாதமே பீகார் தள்ளப்பட்டுத் திருத்தணி தேர்வானதாகத் தந்தி வந்தது. ராஜகோபால் எனக்கு லட்டு வாங்கிக் கொடுத்தார்.

கார்த்திகையில் தலைமை அலுவலகம் அந்தப் பெண்ணைக் கண்டுபிடிக்கச் சொன்னது. அவள் பாதம் எட்டு நாடுகளில் சுவரொட்டியாகிவிட்டதாம், முதல் ஜோடி ஷூவை அவளுக்குத்தான் கொடுக்க வேண்டுமாம். நான் அவள் வீட்டுக்குப் போனேன். தறிக் குழியில் அவளுடைய தங்கை உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தாள். மணியம்மை சுவரில் சாய்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"எரிஞ்சிருந்தா நின்னிருப்பேன் நைனா" என்றாள். "ஒண்ணுமே தெரில. ஊட்டுக்கு வந்து காலக் கழுவச் சொல்லோ தோலு கையோட வருது. அப்புறம் புண்ணு உள்ள போயிடுச்சி. எடுத்தாத்தான் உசிருன்னுட்டாங்க."

வலித்ததா என்று கேட்டேன். இல்லை என்றாள். நிச்சயமாகத் தெரிந்துகொள்வதற்காக இன்னொரு தடவையும் கேட்டேன். இல்லவே இல்லை என்றாள். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

செருப்பை எடுத்தவன்மேல் கோபமில்லையா என்று கேட்டேன். "அவனுக்கு இன்னா கஷ்டமோ, நல்லா இருக்கட்டும்" என்றாள். சம்பந்தப்பட்டவளே வாழ்த்திவிட்ட பிறகு, நான் அதையே நினைத்துக்கொண்டிருப்பது நியாயமாகப் படவில்லை. காப்பி சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

தை மாதம் விழா. அவளுக்கு ஒரு ஷூ மட்டும் கொடுத்தால் போதாதா, இன்னொன்று வீண்தானே என்று ராஜகோபால் கேட்டார். அந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஜோடியாகத்தான் கொடுக்க வேண்டும், அவளுக்கும் மரியாதை என்று ஒன்று இருக்கிறது என்று வாதாடினேன். ஜோடியாகவே கொடுத்தோம். நாற்காலியில் உட்காரவைத்து, இடுப்புக்கு மேலே படம் எடுத்தோம். இப்போது பேக்டரி வாசலில் அவளுக்கு வேலை, வெளிநாட்டார் வந்தால் வணக்கம் சொல்வது. உள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் தைக்கிறார்கள். கூலி குறைவு என்கிறார்கள். அது வேறு விஷயம்.

ஆயிரத்து நூற்று நாற்பது ஜோடியையும் எடுத்தது நான்தான். மணியம்மையின் செருப்பு என் கையில் இருந்தும், அது இல்லாமல் அவள் நடந்தால் என்ன ஆகும் என்று அவள் வாயாலேயே கேட்டிருந்தும், கொடுக்காமல் கூடவே நடந்ததும் நான்தான். வேணு ஏழை லாரிக்காரர், அவருக்கு ஒன்றும் தெரியாது. ராஜகோபால் எதையும் கேட்டுக்கொள்ளாமல் இருப்பதில் கெட்டிக்காரர். முழுப் பொறுப்பும் என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். வருகிற ஆடிக் கிருத்திகையன்று கம்பெனி பெரிய விழா எடுக்கிறது, ஆஸ்ட்ரிட் அம்மாள் மறுபடி வருகிறார், மணியம்மையை மேடையேற்றப் போகிறோம். என்னை அந்த ஒரு நாள் மட்டும் வெளியே விட வேண்டும். மேடைக்கு ஆறு படி இருக்கிறது. பாவம், வேறு யார் கை கொடுத்தாலும் அவளுக்குப் பயம். என் தோளைப் பிடித்துக்கொண்டால்தான் ஏறுவாள்.