மேமலை நாளில் வராத கணக்கு

அம்மாக்கண்ணு: ...அப்ப என் மக திருடிங்கிறீங்க?

மயில்வாகனம்: திருடி எண்டு நான் சொல்லேல்லை. பார்த்து எழுதுறாள் எண்டுதான் சொன்னனான்.

அம்மாக்கண்ணு: யாரைப் பாத்து?

மயில்வாகனம்: பக்கத்தில இருக்கிறவளை.

அம்மாக்கண்ணு: பக்கத்துல இருக்கிறது காளியாயி மக. அதைப் பத்து வெரலையும் எண்ணச் சொன்னா, ஒம்பதுல நின்னுக்கிட்டு மிச்ச வெரலைத் தேடும். அதைப் பாத்தா என் வடிவு எழுதுறா? நல்லா இருக்குய்யா ஒங்க வாத்தியார் வேலை.

மயில்வாகனம்: வாயைக் குறை. முதல்ல கூடையை வாசலுக்கு வெளியில இறக்கு. பள்ளிக்கூடம் முழுக்க ஈரம்.

அம்மாக்கண்ணு: பள்ளிக்கூடமாம்! கொழுந்து நிறுத்துக்கிட்டிருந்த பழைய மடுவத்துல ஒரு மணியைக் கட்டித் தொங்கவிட்டா அது பள்ளிக்கூடமா?

மயில்வாகனம்: அந்த மணிக்குத்தான் உன்ர மகள் வாறதில்லை. பகல் சாப்பாட்டுக்கு விட்டால் வீட்டை ஓடுறாள். திரும்பி வரேக்கை மூச்சு வாங்குது. பிறகு இருந்துகொண்டு சுவரைப் பார்க்கிறாள். ஏழெட்டு எத்தனையடி எண்டு கேட்டால், சுவர் சொல்லும் எண்டு பார்த்துக்கொண்டு இருக்கிறாள்.

அம்மாக்கண்ணு: நீங்க சொல்லிக் குடுக்குற லட்சணத்துக்குச் சுவரே மேலுன்னு நெனச்சிருப்பா.

மயில்வாகனம்: கதைச்சுக்கொண்டிரு. நல்லாக் கதை. போன கிழமை இதே பிள்ளை, பகலுக்குப் பிறகு, வட்டிக் கணக்கை மனத்தாலயே செய்தவள். கரும்பலகையில நான் பிழையாப் போட்டதையும் எழும்பி நிண்டு சொன்னவள்.

அம்மாக்கண்ணு: ஆ... அப்ப அதான் கோவமா?

மயில்வாகனம்: கோவமில்லை. ரெண்டு நாள் கழிச்சு அதே கணக்கைக் கேட்டன். முழிக்கிறாள். ஒரு நாள் மூளை இருக்குது, ஒரு நாள் இல்லை. மூளையென்ன லயத்துப் பீலிக் குழாய்த் தண்ணியே, நினைச்சால் வாறதுக்கும் நினைச்சால் நிக்கிறதுக்கும்? பகலுக்கு அவளுக்கு என்ன குடுக்கிறனீ?

அம்மாக்கண்ணு: ஏன், ஒங்க வீட்டுல பத்தலையா?

மயில்வாகனம்: கேட்டதுக்குப் பதில் சொல்லு.

அம்மாக்கண்ணு: சோறுதான். கூப்பன் அரிசிச் சோறு, கீரை, கருவாடு. வயிறு நெறைய. என் வீட்டு அடுப்பு எரியிறதும் அணையிறதும் ஒங்களுக்கு எதுக்குங்க?

மயில்வாகனம்: எனக்கொண்டுமில்லை. இஞ்ச இருக்கிறது ரெண்டே வகைப் பிள்ளையள். பகலுக்குத் திண்டுபோட்டு நித்திரை கொள்ளுறது ஒண்டு. தின்னாமல் வந்து முழிச்சுக்கொண்டு இருக்கிறது மற்றது. இதுகளுக்கு நடுவில நான் ஆருக்குப் படிப்பிக்கிறது? உன்ர மகள் ரெண்டாவது வகையாக்கும் எண்டு நினைச்சன். நீ வயிறு நிறைய எண்டுறாய். அப்ப மரமண்டைதான்.

அம்மாக்கண்ணு: யாரு, என் மகளா மரமண்டை? சோத்தை அலுமாரியில வெச்சுப் பூட்டி, சாவியை மடியில சொருகிக்கிட்டுத் திங்கிற மனுசன் அடுத்த வீட்டு வயித்தைப் பத்திப் பேச வந்துட்டாரு! லயமே சிரிக்குதுங்க.

மயில்வாகனம்: சிரிக்கட்டும். பூட்டாட்டி எனக்குச் சோறு மிஞ்சாது. மூடியைத் திறக்க முதல் எத்தினை மூக்கு வந்து நிக்குமெண்டு உனக்குத் தெரியுமே?

அம்மாக்கண்ணு: அதுல ஒரு மூக்குக்கு ஒரு வாய் குடுத்தா ஒங்க யாழ்ப்பாணம் கடல்ல முழுகிடுமா?

மயில்வாகனம்: ஒண்டுக்குக் குடுத்தால் மற்றதுகள் என்னைப் பிடுங்கும். அதை விடு. நாளைக்குப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வாறார். நானுஓயாவில ரயிலேறி, வட்டவளையில இறங்கி, இந்த மலையேறி வந்துசேரப் பகல் திரும்பியிடும். பிறகுதான் உன்ர மகளிட்டக் கணக்குக் கேப்பார். சரியாச் சொன்னால் அட்டனில பெரிய பள்ளிக்கூடம், விடுதி, சாப்பாடு, எல்லாம் இலவசம். சுவரைப் பார்த்தால்... மலையில வேலை பார்க்கிற கண்டாக்கு ஏற்கெனவே கேட்டுட்டார். அந்தப் பிள்ளையை எப்ப நிப்பாட்டுறியள், கொழுந்துக்கு ஆள் காணாது எண்டு.

அம்மாக்கண்ணு: என் மக முதுகுல கூடை ஏறாது. சொல்லிட்டேன்.

மயில்வாகனம்: அதைக் கண்டாக்கிட்டப் போய்ச் சொல்லு.

அம்மாக்கண்ணு: நாளைக்கு அவ சொல்லுவா. நாளைக்கும் எங்களுக்கு இந்தப் பள்ளிக்கூடத்து மலைதான். நல்லாவே சொல்லுவா, பாருங்க.

மயில்வாகனம்: நீ எந்த மலையில கொழுந்தெடுத்தால் அவளுக்கென்ன?

அம்மாக்கண்ணு: ...சும்மா சொன்னேன்.

மயில்வாகனம்: சும்மாவோ? பொறு... வட்டிக் கணக்குச் செய்த அண்டைக்கும் நீங்கள் இந்தப் பக்கம்தான். உங்கட சிரிப்புச் சத்தம் தாங்கேலாமல் நான் சன்னலைச் சாத்தினனான்.

அம்மாக்கண்ணு: இதையெல்லாமா ஞாபகம் வெச்சிருக்கீங்க? வேற வேலையே இல்ல போல...

மாயாண்டி: ஏய் அம்மாக்கண்ணு! பகல் நிறுவை முடிஞ்சு எல்லாரும் கொழுந்து நெரையில ஏறியாச்சு. நீ இங்க ஐயாகிட்ட அரிச்சுவடி படிக்கிறியா?

அம்மாக்கண்ணு: தோ வந்துட்டேன், கங்காணி மாமா.

மாயாண்டி: பகலானா போதும், வீட்டைப் பாத்து ஒரே ஓட்டம். புருசன்காரன் பேரை வேலையிலருந்து வெட்டி, தோட்டத்தை விட்டே வெரட்டியாச்சு. அப்புறம் யாருக்குப் பொங்கிப் போட இந்த ஓட்டம்? நீங்களே கேளுங்கய்யா.

அம்மாக்கண்ணு: என் மகளுக்குத்தான்.

மாயாண்டி: இருக்கிறது ஒரு பொடிச்சி. அதுக்கு இம்புட்டு ஓட்டமா? சரி, வெரசா வா. இன்னையோட இந்த மலை முடியணும். நாளைக்கு மேமலை.

அம்மாக்கண்ணு: மேமலையா? நாளைக்கும் இங்கதான்னு சொன்னீங்களே?

மாயாண்டி: கண்டாக்கையா மாத்திட்டாரு. அங்க கொழுந்து முத்துதாம்.

அம்மாக்கண்ணு: மாமா... என்னைய மட்டும் இங்க விட்டுருங்க. மிச்ச நெரையெல்லாம் நான் ஒருத்தியாவே எடுத்துடுறேன்.

மாயாண்டி: மகாராணிக்குத் தனி மலை! நாளைக்குத் தொரை பங்களாவுலருந்து தலைக்குப் புடிக்கக் கொடையும் கேப்ப.

அம்மாக்கண்ணு: ஏற முடியல மாமா. முழங்காலு வலிக்குது.

மாயாண்டி: வீட்டுக்கு ஓடுனப்ப வலிக்கலையா? ஐயா, இவளுக்கும் ஒரு கணக்குப் போட்டுக் குடுங்க. ஒரு முழங்காலு, ஒரு மலை, அதுல எத்தன நடிப்புன்னு. நான் போறேன். பின்னாலயே வந்துரணும், ஆமா.

மயில்வாகனம்: போயிட்டான். மேமலைக்குப் போனால் பகலுக்கு வீட்டை வரேலாது. என்ன?

அம்மாக்கண்ணு: ஏறி எறங்கவே பகலு முடிஞ்சுரும்.

மயில்வாகனம்: அந்த நாளையில அவள் என்னத்தைத் தின்னுறது?

அம்மாக்கண்ணு: ரொட்டி சுட்டு வெச்சுட்டுத்தான் போறேன். வைக்கலைன்னு எவ சொன்னா?

மயில்வாகனம்: வைக்கிறாய். ஆனால் அவள் தின்னேல்லை. அப்ப ஆர் தின்னுறது?

அம்மாக்கண்ணு: ...எலி.

மயில்வாகனம்: எலி. மீசை வைச்ச எலியோ?

அம்மாக்கண்ணு: ஐயா...

மயில்வாகனம்: உன்ர புருசன் செல்லசாமி இன்னும் இஞ்ச...

அம்மாக்கண்ணு: மெதுவா! கங்காணி காதுல விழுந்தா இருக்கிற லயத்துக் காம்பராவும் போயிரும்.

மயில்வாகனம்: எங்க இருக்கிறான்?

அம்மாக்கண்ணு: வெறகுக்குப் பின்னால படுத்துக் கெடக்குறாரு. வெளிய தல காட்ட முடியாது, போக ஒரு எடமும் கெடையாது. அவரு கேக்குறதில்லய்யா. இவளாத்தான் குடுக்குறா. கையில குடுத்து விட்டாலும் பகலுக்கு ஓடிப்போயி அவருகிட்ட நீட்டிட்டு, நான் பள்ளிக்கூடத்துலயே தின்னுட்டேம்ப்பான்னு சொல்லிட்டு வந்துருவா. அவரும் நம்பிருவாரு. நான் நடுவுல நின்னு, பாதியா பிச்சு, இது ஒனக்கு, இது ஒங்கப்பனுக்குன்னு குடுத்தாத்தான் அவ வாய்க்குள்ள ஏதாச்சும் போகும்.

மயில்வாகனம்: கருவாடு எண்டாய். வயிறு நிறைய எண்டாய்.

அம்மாக்கண்ணு: பின்ன? ஒங்க வாயில விழுந்து நாறச் சொல்றீங்களா?

மாயாண்டி: அம்மாக்கண்ணூ! என்னடி, ரெண்டாம் வகுப்புக்கு ஏறிட்டியா?

அம்மாக்கண்ணு: வர்றேன் மாமா! ...ஐயா, ஒங்க சோத்துல ஒரு பருக்கை நான் கேக்கல. நாளைக்கு ஒரு நாளு அவரு தண்ணியைக் குடிச்சுட்டுக் கெடக்கட்டும். விடியக்காலம் பேரு பதியப் பெரட்டுக்குப் போறப்ப, ரொட்டியை ஒங்க கையில தந்துட்டுப் போறேன். அந்த அலுமாரியில, ஒங்க சோத்துக்குப் பக்கத்துலயே வெச்சுப் பூட்டிருங்க. பகலுக்கு மணி அடிச்சதும் அவளை வெளிய விடாம, ஒங்க முன்னால ஒக்கார வெச்சு... கடைசித் துண்டு தொண்டைக்குள்ள எறங்குற வரைக்கும் பாத்துக்கிட்டே இருப்பீங்களா?