சிலுவை போடாத வரி

எங்கள் கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக்கூடாது ஐயா. தூசி ஆகாது. வாசலில் கிடக்கும் செருப்புகளைப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன சாமி என்று ஷெட் ஆட்கள் கேலி செய்வார்கள். 1978-இல் அம்பத்தூர்ப் பக்கம் எத்தனை தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் இருந்தது, நீங்களே சொல்லுங்கள். எங்களுடையது செகண்ட் ஹேண்ட்தான். அதன் முன்னால் உட்கார்ந்து கட்டளை தட்டுகிற வேலை எனக்கு.

வேலை சுலபம். தொழிற்சாலையில் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு குழுவில் இருப்பார்கள், சிலர் மூன்று நான்கிலும் இருப்பார்கள். கேன்டீன் ஒரு குழு, பாய்லர் ஒரு குழு, பெயின்ட் ஷெட் ஒரு குழு. ஒருவரைப் புதிய குழுவில் சேர்க்க ஆள் நம்பர், குழு நம்பர், கடைசியில் ஒரு கூட்டல் குறி தட்ட வேண்டும். அந்தக் குறியை நாங்கள் சிலுவை என்போம். சிலுவை போட்டால் பழைய குழுக்களோடு புதியதும் சேரும். போடாவிட்டால் பழையதெல்லாம் அழிந்து புதியது மட்டும் நிற்கும். இயந்திரம் ஏன் என்று கேட்காது. பொங்கல் சமயத்தில் என்னோடு வேலை செய்யும் வசந்தகுமாரி ஒருமுறை மறந்துவிட்டாள். விழாக் கமிட்டியில் புதிதாகச் சேர்ந்த எஞ்சினியருக்கு அன்று கேன்டீனில் சோறு இல்லை. லிஸ்டில் பெயர் இல்லை என்று தட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஒரு வாரம் சிரித்தோம்.

பெயின்ட் ஷெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். தின்னர் டிரம்கள் அடுக்கியிருக்கும் இடம். வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பற்றிக்கொள்ளும். பற்றினால் ஆட்களை வெளியேற்றி, இரும்புக் கதவைத் தாழிட்டு, உள்ளே கரியமில வாயுவைத் திறந்துவிடுவார்கள். தீ அணைந்துவிடும். உள்ளே மூச்சு விடுகிற எதுவும் மிஞ்சாது. அதனால் வால்வைத் திருப்புவதற்கு முன் கதவருகே நின்று அந்தக் குழுவின் லிஸ்டை வாசித்துத் தலை எண்ணுவது வழக்கம். லிஸ்ட் என் அறையில் அச்சாவதால் வாசிப்பதும் நான்தான். வால்வு, பாதுகாப்பு அதிகாரி வேலுசாமியின் பொறுப்பு.

கஜபதி பிப்ரவரியில் வேலைக்கு வந்தான். எலக்ட்ரீஷியன், அதனால் கேன்டீன், பாய்லர், பெயின்ட் ஷெட் மூன்று குழுவிலும் அவன் பெயர் இருந்தது. கரையான்சாவடியில் எங்கள் தெருக்காரன். முதல் நாள் கேன்டீனில் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டான். பக்கத்தில் இருந்தவர் என்னை ராமன் என்று கூப்பிட்டார். கஜபதியின் கை அப்படியே தளர்ந்தது.

ராமன் என் அண்ணன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்த கையோடு காய்ச்சலில் போய்விட்டான். நான் மூன்று தடவை எழுதியும் தேறவில்லை. அண்ணனின் சர்டிபிகேட் பெட்டியில் சும்மா கிடந்தது. பதினோரு வருஷமாக நான்தான் ராமன். அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என் மனைவி ராஜம்மாவுக்குத் தெரியாது. கல்யாணப் பத்திரிகையிலும் அந்தப் பெயர்தான்.

அன்று மாலை சைக்கிள் ஸ்டாண்டில் கஜபதி என் தோளில் கை போட்டான்.

“இன்னாத்துக்கு மச்சான் மூஞ்சி வெளுத்துப்போச்சு? நா யாராண்டயும் வாயத் தொறக்க மாட்டேன். உன் பொழப்புல மண்ணப் போட்டு எனுக்கு இன்னா ஆவப்போவுது?”

நல்லவன்தான். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்குச் சோற்றில் கை வைத்தாலும் பயம். அவன் யாரோடாவது சிரித்துப் பேசினால் என்னைப் பற்றித்தானோ என்று கிட்டே போய் நின்று கேட்பேன். கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிள் மணி அடித்தால் போலீஸ்தான் என்று பின்கட்டுக்கு ஓடுவேன். நான் இளைத்ததைப் பார்த்து டி.பி.யோ என்று பயந்து ராஜம்மா டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

ஜூலையில், கஜபதியை முதலுதவிக் குழுவில் சேர்க்கச் சொல்லிச் சீட்டு வந்தது. ஆள் நம்பர் தட்டினேன். குழு நம்பர் தட்டினேன். சிலுவை போடவில்லை. அப்புறம் கேன்டீன், பாய்லர் இரண்டிலும் சிலுவை போட்டுத் திரும்பச் சேர்த்தேன். ஒருவன் சாப்பாட்டில் கை வைக்கிற ஆள் இல்லை நான். பெயின்ட் ஷெட்டில் மட்டும் சேர்க்கவில்லை. குறி மறந்துபோச்சு, திருத்தும்போது ஒன்று விட்டுப்போச்சு என்று கம்பெனி விசாரணையில் சொன்னேன். நம்பினார்கள். ஆனால் மறக்கவில்லை ஐயா. விரல் அந்த விசைமேல்தான் இருந்தது.

தீயை நான் வைக்கவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பத்தொன்பது நாள் கழித்து அதுவாகப் பற்றியது. அதற்குள் என்றைக்கு வேண்டுமானாலும் ஒரு வரி தட்டிச் சரிசெய்திருக்கலாம். தினமும் காலையில் லிஸ்டை அச்சடிப்பேன். அவன் பெயர் இல்லை என்று பார்த்துவிட்டு மடித்து வைப்பேன். அந்த நாட்களில் எனக்கு நன்றாகப் பசித்தது.

இப்போது ஏன் வந்து சொல்கிறாய் என்று கேட்டீர்கள். கஜபதியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவன் மனைவி கஸ்தூரி டூல் பையை வாங்க வந்தாள். நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

“நீங்க யாருண்ணா? அவுரு உங்களப் பத்தி ஒருநாள்கூட சொன்னதில்லியே,” என்றாள்.

ஆறு மாசமாக, கட்டிய பெண்டாட்டியிடம்கூட மூச்சு விடாமல் இருந்திருக்கிறான். அவள் போனபிறகு எனக்கு மறுபடி பயம் வந்துவிட்டது. இந்தத் தடவை யாரைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்றே தெரியவில்லை.

தீப்பிடித்த நாளைச் சொல்லிவிடுகிறேன். காலை பதினோரு மணி இருக்கும். சற்று முன்னால்தான் டிரம்களுக்குப் பின்னால் இருக்கிற ஃபேனைப் பார்க்க கஜபதி ஏணியோடு ஷெட்டுக்குள் போனான். ஜன்னல் வழியாக நான் பார்த்தேன். சங்கு ஊதியது. புகைக்குள்ளிருந்து ஆட்கள் இருமிக்கொண்டே ஓடிவந்தார்கள். மற்ற ஷெட் ஆட்கள் வேலியோரம் கூடி, அவரவர் அண்ணன் தம்பி பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். கதவருகே நின்று இருபத்திரண்டு பெயரையும் நிதானமாக வாசித்தேன். இருபத்திரண்டு பேரும் “கீறேன்” என்று குரல் கொடுத்தார்கள். கதவைச் சாத்தித் தாழ் போட்டேன்.

தாழின்மேல் என் கை இருக்கும்போதே கதவு அதிர்ந்தது. லிஸ்ட் வாசித்த என் குரல் அவனுக்குக் கேட்டிருக்கும். கூப்பிட்டான். சங்குச் சத்தத்தில் மற்றவர்களுக்கு அது வேலியோரத்துக் கூச்சலோடு கலந்துவிட்டது. வேலுசாமி மட்டும் வால்வைப் பிடித்தபடி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“யாரோ நாகப்பா, நாகப்பான்னு கத்தறாங்களே ராமன். நம்ம ஆளா பாருப்பா.”

லிஸ்டில் மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டிப் பார்த்தேன்.

“நாகப்பன்னு இங்க யாரும் இல்ல சார்,” என்றேன்.

அவர் வால்வைத் திருப்பினார்.

கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். போடுகிறேன். ஆனால் மேலே பெயரைத் திருத்திக்கொள்ளுங்கள் ஐயா. அவன் கூப்பிட்ட நாகப்பன் நான்தான்.