கறுப்புப் பையில் போட்ட ஊசி

அஞ்சலாட்சி துடைத்த தரையில் கால் வைக்கவே கூச்சமாக இருக்கும், சார். கனகசெட்டிக்குளத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வருவாள். நாங்கள் போவதற்குள் வார்டு மினுங்கும். அவளைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒரு குறையும் இல்லை.

என் பெயர் இஷ்ரத். உப்பளத்தில் நாற்பது படுக்கை உள்ள நர்சிங் ஹோமில் நோய்த்தொற்றுத் தடுப்பு நர்ஸ். ஊசிக்கு வெள்ளை டப்பா, ரத்தம் பட்ட பஞ்சுக்கு மஞ்சள் பை, காகிதத்துக்கும் சாப்பாட்டு மிச்சத்துக்கும் கறுப்புப் பை என்று பதினொரு வருஷமாக எல்லோருக்கும் சொல்லித் தந்தவள் நான்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆறாம் படுக்கைக்காரருக்கு நானே ரத்தம் எடுத்தேன். அவருக்கு பி வகைக் காமாலை இருப்பது கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. வெள்ளை டப்பா நிரம்பிவிட்டது. புது டப்பா மாடியில், ஸ்டோரில். போன் வேறு அடித்துக்கொண்டிருந்தது. ஊசியைக் காகிதத்தில் சுற்றிக் காலடியில் இருந்த கறுப்புப் பையில் போட்டேன். அப்புறம் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

அரை மணி நேரத்தில் அஞ்சலாட்சி விரலைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“பைய அமுக்கிக் கட்டினேன் சிஸ்டர், என்னமோ குத்திடுச்சு. ஊசி மாரி இருக்குது.”

“கறுப்புப் பையில ஏது ஊசி? ஸ்டேப்ளர் பின்னா இருக்கும்.”

அவளைக் குழாயடிக்கு அழைத்துப்போய், சோப்புப் போட்டு ஐந்து நிமிஷம் நானே கழுவிவிட்டேன். பிளாஸ்திரி ஒட்டினேன். அவள் போனதும் பையைப் பிரித்து ஊசியை எடுத்து வெள்ளை டப்பாவில் திணித்தேன்.

பதிவேட்டில் எழுதவில்லை. வியாழக்கிழமை தரச் சான்றுக் குழு வருவதாக இருந்தது. இரண்டு வருஷமாக ஒரு ஊசிக்குத்துகூட இல்லை என்று வாசலில் பலகை வைத்திருந்தோம். எழுதினால் அவள் ரத்தத்தைச் சோதிப்பார்கள், தடுப்பூசியே போடாதவள் என்பது தெரிந்துவிடும். ஊழியர்களுக்கான தடுப்பூசி முகாம் முடிந்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவள் அவள். மூன்று தவணையும் போட்டாயிற்று என்று பட்டியலில் அவள் பெயருக்கு நேரே கையெழுத்து வைத்தது நான். கட்டம் காலியாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது.

குத்துப்பட்டவர்களுக்குக் காமாலை வராமல் தடுக்கப் போடும் மருந்து எங்கள் ஃபிரிட்ஜிலேயே இருந்தது. என் நாற்காலியிலிருந்து எட்டு அடி. முதல் நாளே போடுவது நல்லது, ஏழு நாள் வரைக்கும் போடலாம். வியாழன் கழியட்டும் என்றுதான் இருந்தேன். குழு வந்தது, பாராட்டிவிட்டுப் போனது. மறுநாள் அஞ்சலாட்சி மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

“எதுக்கும் ஒரு ஊசி போட்டுக்கட்டுமா சிஸ்டர்? வூட்ல கைக்குழந்த இருக்குது.”

“பயப்படாத. ஒண்ணும் ஆவாது.”

“நீங்க சொன்னா சரிதான்.”

பாராட்டு வாங்கிய மறுநாளே அதை எப்படி எழுதுவது, சொல்லுங்கள். அதன்பிறகு தூக்கம் இல்லை. தொழுகையில் நின்றால் அவள் விரல்தான் கண்ணுக்குள் நிற்கும். எட்டாம் நாள் காலை மனசு லேசாகிவிட்டது. இனிப் போட்டும் பிரயோஜனம் இல்லை. முடிவெடுக்க வேண்டிய பொறுப்பு என்னை விட்டுப் போயிருந்தது. அன்று வயிறாரச் சாப்பிட்டேன்.

மூன்றாம் மாதம் அவள் கண் மஞ்சளானது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து செத்துப்போனாள். எப்படி வந்தது என்று டாக்டர்கள் கேட்டதற்குத் தெரியவில்லை என்றாளாம். ஸ்டேப்ளர் பின் குத்தியதை யார் போய்ச் சொல்வார்கள்?

அவள் புருஷன் சிலம்பரசன், அவள் விட்டுப்போன துணிமணியை வாங்க வந்தார்.

“உங்களப் பத்தியேதான் பேசுவா அக்கா. சிஸ்டரே எங் கையக் கழுவிவுட்டாங்கன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சிபோவா.”

அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். வேறென்ன செய்வது என்று தோன்றவில்லை.

ஊசியைக் கறுப்புப் பையில் போட்டவள் நான். தெரிந்தே மருந்தைத் தராமல் இருந்தவளும் நான். அவளைக் கொன்றது இஷ்ரத் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், சார். அவள் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். இன்னொரு தடவை கேட்டிருந்தால் கட்டாயம் போட்டிருப்பேன்.