ஒரு றாத்தல் தானியம்

தேத்தண்ணிக்கு நன்றி, துவாரகா. சீனி காணும், இன்னும் வேண்டாம். மொழிபெயர்க்க வந்த பிள்ளை நீங்கள். நான் சொல்லுறதைக் கூட்டாமல் குறைக்காமல் இந்தப் பொலிஸ் ஒபீசருக்குச் சொன்னால் போதும். எனக்கும் ஆங்கிலம் வரும். ஆனால் இதை எங்கட மொழியிலதான் ஒழுங்காய்ச் சொல்லலாம் போல கிடக்கு.

என்ர பேர் அன்ரனெற். ஊர் மன்னார். வயசுபோனவையைப் பராமரிக்கிறதுதான் தொழில். என்ர கையில இருந்த ஒருத்தருக்கும் படுக்கைப்புண் வந்ததில்லை. அதை நீங்கள் விசாரிச்சுப் பார்க்கலாம்.

மிஸ்டர் கார்ஸ்வெல் நல்ல மனிசன். யூனியன்வில்லில அந்தப் பழைய செங்கல் வீட்டில தனிய இருந்தவர். மனிசி செத்துக் கனகாலம். மகன் வன்கூவரில. தகப்பனுக்கு ஞாபகம் கரையத் தொடங்கினவுடன மகன் என்னை வீட்டோட நிற்க ஒழுங்குபண்ணினவர். ஞாயிற்றுக்கிழமையளில வீடியோவில வந்து கதைப்பார். மற்றபடி அந்தப் பெரிய வீட்டில நாங்கள் ரெண்டு பேர்தான்.

சாப்பாட்டறைச் சுவரில ஒரு பழைய படம் தொங்கும். மதராஸ் பக்கம் பெரும் பஞ்சம் வந்தநேரம், விக்ரோறியா மகாராணியின்ர காலத்தில எடுத்தது. விலா எலும்பு தெரியிற சனம் வரிசையாய் நிலத்தில குந்தியிருக்கு. ஒரு பொம்பிளையின்ர மடியில ஒரு குழந்தை. தலை மட்டும் பெரிசு. பக்கத்தில வெள்ளைத் தொப்பியோட ஒரு துரை. அவர் மிஸ்டர் கார்ஸ்வெல்லின்ர பூட்டனார், பேரனாரின்ர தகப்பன். மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தவுடன இவர் அந்தக் கதையைத் தொடங்குவார். பூட்டனார் ஆயிரக்கணக்கான சனத்துக்குச் சாப்பாடு போட்டவராம். சொல்லி முடிச்சு, நீங்களும் இருந்து சாப்பிடுங்கோ எண்டு எனக்குக் கதிரை இழுத்து விடுவார்.

அந்தப் பஞ்சம் எங்கட குடும்பத்துக்குத் தெரியாத பஞ்சம் இல்லை. பசிக்கு ஓடின சனம் வள்ளத்தில மன்னாரில வந்திறங்கி, மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்குக் காட்டுவழியாய் நடந்தவை. விழுந்தவை விழுந்த இடத்தில கிடந்தவை. செத்த தாயின்ர பக்கத்தில இருந்த ஒரு பெட்டைக் குழந்தையை எங்கட ஊர் மீன்பிடிக்காரர் ஒருத்தர் தூக்கிக்கொண்டு வந்து ஞானஸ்நானம் குடுத்து வளர்த்தவர். நாங்கள் அவவின்ர வழி. அவவுக்குத் தாய் வைச்ச பேர் ஒருத்தருக்கும் தெரியாது.

அதால நான் நூலகத்துக்குப் போய் வாசிச்சன். மழைதான் பொய்ச்சது, தானியம் இருந்தது. அது கப்பலில சீமைக்குப் போய்க்கொண்டிருந்தது. நிவாரண முகாமில ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு றாத்தல் தானியம், அரைக் கிலோவும் வராது. அதுக்கும் கல்லுச் சுமக்கவேணும். கூடப் போட்டால் சனம் சோம்பேறியாகும் எண்டு துரைமார் நினைச்சவை. அப்படி அளந்தவையில ஒருத்தர்தான் எங்கட சுவரில நிண்டவர்.

வாசிச்ச பிறகு அந்த அறை மாறிப்போச்சு. நான் குசினியில கோப்பை கழுவேக்க முதுகுக்குப் பின்னால ஆக்கள் குந்தியிருக்கிற மாதிரி இருக்கும். ஒருத்தரும் கதைக்கமாட்டினம். மூச்சு மட்டும் கேட்கும். திரும்பினால் சாப்பாட்டறை மேசையும் கதிரையும்தான். எனக்குப் பயம் வரேல்லை. அவையள் எதுக்கோ காத்திருக்கினம் எண்டு மட்டும் விளங்கினது.

ஒருநாள் நான் மிஸ்டர் கார்ஸ்வெல்லுக்கு உண்மையைச் சொன்னன். அவர் கரண்டியை வைச்சிட்டு அழுதார். தனக்கு இது தெரியாது எண்டார், என்ர கையைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டார். அடுத்தநாள் மத்தியானம் பழையபடி பூட்டனார் சாப்பாடு போட்ட கதை. நான் திரும்பச் சொன்னன். திரும்ப அழுதார். திரும்ப மறந்தார். இப்படிக் கனநாள் போனது. தலைக்குள்ள நிக்காததை உடம்புக்குள்ளதான் வைக்கவேணும் எண்டு நான் முடிவெடுத்தது அப்பதான். அது கோபத்தில எடுத்த முடிவில்லை. நீங்கள் அதைக் கவனமாய் மொழிபெயர்க்கவேணும்.

இறைச்சி, பால், பழம் எல்லாத்தையும் நிப்பாட்டினன். ஒரு றாத்தல் அரிசி, தராசில நிறுத்து. பின் வளவில பூப்பாத்தியைச் சுத்தி அடுக்கின கல்லுகள் கிடந்தது. அதை வேலிக்கரைக்குக் கொண்டுபோகச் சொன்னன். அடுத்தநாள் திருப்பிக் கொண்டுவரச் சொன்னன். அவர் முகம் சுழிக்கேல்லை. கல்லை வைச்சிட்டு, இது காணுமோ எண்டு என்னைக் கேட்பார். பிறகு அவரால கல்லுத் தூக்க ஏலாமல் வந்தது. வேலை குறைஞ்சால் அளவும் குறையும், முகாமிலயும் அப்படித்தான். நான் புதிசாய் ஒண்டும் கண்டுபிடிக்கேல்லை.

மகன் வீடியோவில வாற நாளில கழுத்து மூடின தடிச்ச சுவெற்றர் போட்டுவிடுவன். அப்பா மெலிஞ்சிட்டார் எண்டு ஒருக்கால் கேட்டவர். ஒவ்வொரு நாளும் வெளியில உலாவுறார் எண்டன். சந்தோசப்பட்டார். டொக்டரிட்டைப் போற நாளை நான்தான் ரெண்டு தரம் தள்ளிப்போட்டனான்.

பின்னால இருந்த ஆக்கள் எழும்பிப் போயிடுவினம் எண்டு நினைச்சன். போகேல்லை. அதைவிட, அவையள் அவரைப் பார்க்கேல்லை. நான் அடுப்படிக்குப் போனால் பார்வை அடுப்படிக்கு வரும், படியேறினால் படிக்கு வரும். என்ர சாப்பாட்டை மேல் அறையில கதவைச் சாத்திப்போட்டுச் சாப்பிடத் தொடங்கினன். மிச்சம் வைக்காமல் சாப்பிட்டன். வேலை செய்யிற ஆளுக்குத் தெம்பு வேணும்.

கடைசிக் கிழமையில ஒரு மத்தியானம், அவருக்கு ஒரு கைபிடிச் சோறு வைச்சன். அதை ரெண்டாய்ப் பிரிச்சார். ஒரு பாதியை என்ர பக்கம் தள்ளினார். மற்றப் பாதியைச் சுவர்ப்பக்கம் தள்ளினார்.

"உவையள் ஆர், அன்ரனெற்?" எண்டு கேட்டார். "கனநேரமாய் நிலத்தில குந்தியிருக்கினம். அந்தப் பிள்ளைக்கு முதல் குடுங்கோ. எனக்குப் பசி பழகிப்போச்சு."

அவர் பார்த்த இடத்தில படம் இல்லை. படம் அவருக்குப் பின்சுவரில.

நான் சோத்துக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் குப்பை வாளிக்குள்ள கொட்டினன். குடுத்ததை மற்றவைக்குப் பிரிக்க முகாமில விடமாட்டினம். ஒருத்தருக்கு விட்டால் பிறகு ஒழுங்கு இருக்காது.

அந்தக் கிழமையே அவர் கண்ணை மூடிட்டார். அம்புலன்சில வந்த பெடியன் அவரைத் தூக்கேக்க, பாரமே இல்லை எண்டு மற்றவனுக்கு மெல்லமாய்ச் சொன்னதும் எனக்குக் கேட்டது.

நான்தான் செய்தனான். ஒருத்தரும் சொல்லித் தரேல்லை. எழுதின கடுதாசியைத் தாங்கோ, கையெழுத்து வைக்கிறன். ஆனால் அதில பட்டினி போட்டது எண்டு ஒரு சொல்லுக் கிடக்கு, துவாரகா. அதை வெட்டச் சொல்லுங்கோ. நான் ஒரு நாளும் அவரைப் பட்டினி போடேல்லை. அளந்து போட்டனான்.