குதிகால் வலிக்கு நான் சொன்ன பதில்

புதுக்கடை ஊரில் என்னைப் பலரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் பார்மசி படித்தவன், மருந்துக்கடை வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனாலும் யாரையும் திருத்தியதில்லை.

தென்னை ஏறும் முருகதாஸ் மாமாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. மூச்சிழுப்புக்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுவந்தார். அதுவும் என் கடையில்தான் வாங்குவார். மழைக்காலத்தில் சளியும் காய்ச்சலுமாக வந்தவர், சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டும், நல்ல மருந்தாகக் கொடு என்றார். டாக்டர் சீட்டுக் கேட்காமல் லீவோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுத்தேன்.

அது நல்ல மருந்துதான். கிருமி பெருகும்போது தன் மரபிழையின் முறுக்கை அவிழ்த்தாக வேண்டும். அதைச் செய்யும் நொதியை இந்த மருந்து பிடித்துக்கொள்ளும். இழை அறுந்து கிருமி சாகும். டாக்டர்கள் ஆளைப் பார்த்து, வேறு மருந்து சரிவராது என்றால்தான் எழுதுவார்கள். வயதானவர்களுக்கு, அதிலும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு, குதிகால் தசைநாண் அறுந்துபோகலாம். வலி தொடங்கினால் மருந்தை நிறுத்தி, காலுக்கு ஓய்வு கொடுத்து, உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும்.

சில நாளில் மகள் சுபிதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வந்தார்.

“மக்கா, குதிகாலுக்கு மேல வலி தாங்கல்ல. தெங்குல கேறலாமா?”

மருந்தினால் இருக்குமோ என்று சுபிதா மெதுவாகக் கேட்டாள். ஆமென்றால் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள். யார் கொடுத்தது என்று அங்கே கேட்பார்கள். கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள்.

“சளி மருந்துக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்? சும்மா பிடிப்புதான் மாமா. தாராளமா கேறுங்க.”

வலி தெரியாமலிருக்க ஒரு மாத்திரையும் கொடுத்தேன்.

மறுநாள் மரத்தின் உச்சியில் அவர் கால் விட்டுப்போய், கீழே விழுந்தார். கீழே நின்ற தோட்டக்காரர், கயிறு அறுந்ததுபோல் ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார். அவர் ஏறும் கயிறு முழுசாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே உயிர் போயிற்று. மழையில் வழுக்கிவிட்டது என்று ஊர் பேசியது. நானும் அப்படியே சொன்னேன். சவம் எடுக்கும் முன்பே, பிள்ளைகள் எடுத்துத் தின்றுவிடும் என்று சொல்லி, மிச்ச மாத்திரைகளைச் சுபிதாவிடம் வாங்கிவந்து எரித்தேன். அவ்வளவு அக்கறையா என்று அவள் கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவர் வழுக்கி விழவில்லை. குதிகால் நாண் அறுந்துபோகலாம் என்று தெரிந்தே ஏறச் சொன்னேன். அந்த மருந்து இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கேட்பவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிறேன்.

நேற்று சுபிதா இருமலோடு வந்தாள். “அப்பாவுக்குத் தந்தது நல்லா கேட்டது அண்ணா. அதையே தாங்க” என்றாள். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தேன். அவளுக்குச் சின்ன வயது, ஒன்றும் ஆகாது.